வண்டியில உயிரே இல்லையா? இடும்பனை நினைச்சுக்கோங்க!

ஓம் சரவணபவ!

வேலும் மயிலும் துணை.

இன்றைய சிந்தனைக்கு எடுத்துக்கிட்ட பொருளைச் சொன்னா சில பேர் சிரிப்பீங்க. மோட்டார் சைக்கிள். அதுவும், சாவியைத் திருப்பினா ஒரு லைட்டு கூட எரியாம, ஹாரன் அடிக்காம, கட்டை மாதிரி நிக்கிற மோட்டார் சைக்கிள்! "முருகன் பதிவுல மெக்கானிக் வேலை எதுக்கு ஐயா?"ன்னு கேட்கலாம். கிருபானந்த வாரியார் சுவாமிகள் வீட்டுலயும் கடைத்தெருவுலயும் நடக்கிற சின்னச் சின்ன விஷயத்தை எடுத்துச் சொல்லித்தான் பெரிய தத்துவத்தையும் பாமரனுக்குப் புரிய வச்சாங்க. அந்த மகானோட ஞானம் நமக்கு ஏது? ஆனா அவங்க காட்டின வழி இருக்கே, அதுல நாமளும் ரெண்டு அடி நடந்து பார்ப்போம்.

எங்க ஊரு சிவகிரி. ஈரோட்டுப் பக்கத்துச் சிவகிரி இல்ல. ராஜபாளையத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல, வாசுதேவநல்லூருக்கு முன்னால, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற சிவகிரி. முன்னாடி சங்கரன்கோவில் தாலுகாவுல இருந்தது; இப்போ தென்காசி மாவட்டத்துல தனித் தாலுகா. இந்தப் பக்கத்து அடியாருக்கு எந்தத் திசையில போனாலும் முருகன் இருக்கார். கிழக்கே கழுகுமலை, தெற்கே பண்பொழி திருமலை, கடல் ஓரத்துல திருச்செந்தூர், வடக்கே பழனி. தைப்பூசம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், கந்த சஷ்டின்னு வருஷம் முழுக்கப் பயணம்தான். பாதி பேர் நடந்து போறாங்க. பாதி பேர் டூவீலர்ல போறாங்க. அதனால வண்டி பாதி வழியில உயிர் விட்டு நிக்கிற கஷ்டம் நம்மள்ல பல பேருக்குத் தெரியும்.

அந்த நேரத்துல நாம என்ன செய்யறோம்? கிக்கரை இருபது தடவை மிதிக்கிறோம். வண்டியை வையறோம். மூச்சு முட்டத் தள்ளுறோம். கடைசியில "பேட்டரி செத்துப்போச்சு"ன்னு நாமளே தீர்ப்பு எழுதிடறோம். இந்த இடத்துலதான் இடும்பன் கதை ஞாபகம் வரணும்.

*மலை ஏன் தூக்க வரல?*

சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துல பிறந்த அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல காவடிச் சிந்து பாடினார். நம்ம மண்ணுக்கும் காவடிக்கும் அப்படி ஒரு உறவு. அந்தக் காவடிக்கே மூலம் இடும்பன்தான்.

அகத்திய முனிவர் கயிலையில ரெண்டு மலையைப் பெற்றார். ஒண்ணு சிவகிரி, இன்னொண்ணு சக்திகிரி. ஆமாம், நம்ம ஊரு பேருதான் அந்த மலைக்கும். அந்த ரெண்டையும் தெற்கே பொதிகைக்குக் கொண்டுவரச் சொல்லி இடும்பன்கிட்ட ஒப்படைச்சார். இடும்பன் ஒரு தண்டோட ரெண்டு முனையிலயும் ரெண்டு மலையைக் கட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தான். திருவாவினன்குடி வந்ததும் களைப்பு. இறக்கி வச்சு இளைப்பாறினான். திரும்பத் தூக்கினா, அசையல!

இதுவரைக்கும் தூக்கிட்டு வந்த மலைதான். தூக்கினவனும் அதே இடும்பன்தான். தோள் பலமும் குறையல. அப்புறம் ஏன் வரல? மலை உச்சியில கோவணத்தோட, கையில தண்டோட ஒரு சின்னப் பையன் நிக்கிறான். இடும்பன் அவனை இறங்கச் சொல்றான். "இது என் மலை"ங்கறான் பையன். நிக்கிறது யாருன்னு இடும்பன் ஒரு நிமிஷம் நின்னு பார்த்தானா? இல்ல. கோபம் வந்துடுச்சு, பாய்ஞ்சான். உயிரே போச்சு. பிறகு அவன் மனைவி இடும்பி வந்து அழுது வேண்டினா, அகத்தியரும் வேண்டினார். முருகன் மனசு இரங்கி அவனை எழுப்பி, தன் மலைக்கே காவலா வச்சுக்கிட்டார். இன்னைக்கும் பழனி மலை ஏறுறவங்க வழியில இடும்பனைக் கும்பிட்டுட்டுத்தான் மேல போறாங்க.

இந்தக் கதையில நான் பிடிச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. *காரியம் நின்னுபோனா பலத்தைக் காட்டாதே. எங்கே நிக்குதுன்னு பார்.*

*வண்டிக்குள்ள ஒரு ஆறுமுகம்*

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்ல இருக்கிறது 12 வோல்ட் பேட்டரி. அதை ஒரே டப்பான்னு நினைக்கிறோம். உள்ளே ஆறு தனித்தனி அறை இருக்கு; செல்னு சொல்வாங்க. ஒரு செல்லுக்குச் சுமார் 2 வோல்ட். ஆறும் வரிசையாச் சேர்ந்தாத்தான் 12. ஆறு முகம், பன்னிரண்டு கைன்னு அடியார் மனசு தானா ஓடும்! பேட்டரி செய்தவன் முருகனை நினைச்சுச் செய்யலதான். ஆனா பார்க்கிற நமக்கு ஞாபகம் வந்தா தப்பு இல்லையே.

சரவணப் பொய்கையில ஆறு குழந்தைகளாத் தவழ்ந்தவரை அம்பிகை ஒரே அணைப்புல சேர்த்து எடுத்தாள். ஆறும் ஒண்ணாச் சேர்ந்ததுல உருவானவர் கந்தன். பேட்டரியிலயும் அப்படித்தான். ஆறுல ஒரு செல் கெட்டாலும் மீதி அஞ்சு நல்லா இருந்து பிரயோஜனம் இல்ல. மீட்டர் வச்சா 10.5 வோல்ட் பக்கம் நிக்கும். ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வரும். ஒரு வீட்டுல ஆறு பேர் இருந்து ஒருத்தர் மட்டும் உள்ளுக்குள்ள ஒடிஞ்சு போயிருந்தா மொத்த வீடும் மங்கிப் போகுதே, அந்த மாதிரி.

*கவசம் சொல்லித் தர்ற வரிசை*

தேவராய சுவாமிகள் அருளிய கந்த சஷ்டி கவசத்தைத் தினமும் படிக்கிறோம். அதுல "என் உடம்பைக் காப்பாத்து"ன்னு ஒரே வரியில முடிச்சிருக்கலாம். அப்படி முடிக்கல. முகம், நெற்றி, கண், காது, மூக்கு, வாய், பல், நாக்குன்னு ஆரம்பிச்சுக் கால் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பாச் சொல்லி வேலைக் காவலுக்கு வைக்கிறாங்க. ஒண்ணையும் தாண்டிப் போறது கிடையாது.

நல்ல மெக்கானிக்கோட வேலையும் அதுதான். நம்ம பக்கத்து ஒர்க் ஷாப் எதுல உக்காந்தாலும் இந்த மாதிரி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

"அண்ணாச்சி, வண்டி செத்துட்டு. புது பேட்டரி ஒண்ணு போட்டுடுங்க."

"செத்துட்டுன்னு யாருடே சொன்னா? எப்பத்துல இருந்து இப்படி?"

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு அண்ணாச்சி."

"அதுக்கப்புறம் என்ன பண்ண?"

"ஆயுத பூசைக்குன்னு வாட்டர் சர்வீஸ் விட்டேன்."

"அதை மொதல்ல சொல்லு!"

பாருங்க, கையில ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சது. நேத்து வரைக்கும் இருந்தது இன்னைக்கு இல்லைன்னா, நடுவுல என்ன மாறுச்சு? முதல் கேள்வி இதுதான்.

ரெண்டாவது கேள்வி: முழுசாவே பவர் இல்லையா, கொஞ்சம் இருக்கா? லைட்டும் ஹாரனும் நல்லா இருந்து எஞ்சின் மட்டும் எடுக்கலைன்னா அது வேற நோய். சிவப்பு கில் சுவிட்ச் அமுங்கி இருக்கலாம், சைடு ஸ்டாண்டு கீழே இருக்கலாம். சுத்தமா ஒண்ணுமே எரியலைன்னாத்தான் கீழே சொல்ற வரிசை. படைவீடு ஆறு மாதிரி இதுலயும் ஆறு இடம்.

*1. பேட்டரி முனை.* பேட்டரிக்குப் பிளஸ், மைனஸ்னு ரெண்டு முனை. இடும்பன் தண்டுல ஒரு பக்கம் சிவகிரி, மறுபக்கம் சக்திகிரி இருந்தாப்புல. ஒரு பக்கம் கழன்றாலும் காவடி நிக்காது. ஸ்க்ரூ லூசா இருக்கான்னு கையால அசைச்சுப் பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பொரி பொரியாப் பூத்திருக்கான்னு பாருங்க. பூத்திருந்தா கழற்றி, வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, துடைச்சுக் காயவச்சு மாட்டணும். மேல லேசா வாசலின் தடவுங்க. கழற்றும்போது மைனஸ் முதல்ல, பிளஸ் கடைசியில. மாட்டும்போது பிளஸ் முதல்ல. இந்த வரிசை மாறினா பிளஸ்ல வச்ச ஸ்பேனர் வண்டி பாடியில பட்டுத் தீப்பொறி பறக்கும். உள்ளே இருக்கிறது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். பக்கத்துல பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது.

*2. பேட்டரியோட அளவு.* ஒரு மல்டிமீட்டர் வீட்டுல இருந்தா நல்லது. டிசி 20 வோல்ட்ல வச்சு ரெண்டு முனையிலயும் தொடுங்க. சில மணி நேரம் ஓடாம நின்ன வண்டியில 12.6 அல்லது அதுக்கு மேல காட்டினா முழு சார்ஜ். 12.2 பக்கம்னா பாதி. 12க்குக் கீழேன்னா கிட்டத்தட்டக் காலி. ஆனா வெறும் நம்பரை நம்பிடாதீங்க. சாவியைப் போட்டு ஹாரன் அடிச்சதும் அளவு சடார்னு விழுந்தா, பேட்டரி உள்ளே பலம் இல்லைன்னு அர்த்தம். சும்மா இருக்கும்போது எல்லாரும் பக்திமான்தான். சோதனை வரும்போதுதான் அளவு தெரியும்! மூடி திறக்கிற வகை பேட்டரியா இருந்தா தண்ணி மட்டம் பாருங்க. குறைஞ்சிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணியும் கூடாது, ஆசிட்டும் கூடாது.

*3. மெயின் ஃபியூஸ்.* பெரும்பாலும் பேட்டரி பக்கத்துலயோ ஸ்டார்ட்டர் ரிலே பக்கத்துலயோ இருக்கும். பேட்டரி நல்லா இருந்தும் வண்டியில ஒண்ணுமே வரலைன்னா முதல் சந்தேகம் இது மேலதான். ஃபியூஸைப் பத்தி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கு, கீழே வர்றேன்.

*4. எர்த்.* பேட்டரி மைனஸ்ல இருந்து எஞ்சினுக்கோ ஃபிரேமுக்கோ ஒரு வயர் போகும். அந்தப் போல்ட் துருப்பிடிச்சாலோ, அடியில பெயிண்ட் இருந்தாலோ கரண்ட் திரும்பி வர வழி இல்ல. மீட்டரோட ஒரு முனையைப் பேட்டரி மைனஸ்லயும் மறுமுனையை எஞ்சின் உலோகத்துலயும் வச்சு, சாவியைப் போட்டு ஹாரன் அடிங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். கூடுதலாக் காட்டினா கோளாறு அங்கேதான். பேட்டரி புதுசா இருக்கலாம், ஃபியூஸ் நல்லா இருக்கலாம். போன கரண்ட் திரும்பி வந்தாத்தான் விளக்கு எரியும். வாங்கினது திரும்பணும் ஐயா. சாமிகிட்ட வாங்கிக்கிட்டே இருந்து, பசிச்சவனுக்கு ஒரு கை சோறு கூடப் போகலைன்னா நம்ம பக்தியிலயும் எர்த் விட்டிருக்குன்னு அர்த்தம்.

*5. சாவி சுவிட்சும் கப்ளரும்.* சாவியை லேசா ஆட்டினா லைட் வந்து வந்து போகுதா? ஹேண்டிலை இடது வலதாத் திருப்பினா உயிர் வருதா? அப்போ சுவிட்ச் உள்ளேயோ, ஹேண்டில் கழுத்துக்கிட்ட வளைஞ்சு வளைஞ்சு தேய்ஞ்ச வயர்லயோ கோளாறு. நம்ம அடியார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேகமான தண்ணியைச் சாவித் துவாரத்துலயும் சுவிட்ச்லயும் நேராப் பாய்ச்சிடறோம். மறுநாள் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டு, புளியங்குடி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில வச்சுக் கிளப்பினா, வண்டி கிளம்பாது! எலுமிச்சம்பழம் என்ன செய்யும் பாவம். கப்ளரைக் கழற்றித் துடைச்சு நல்லாக் காயவிட்டா பல நேரம் சரியாயிடும்.

வயல் வீட்டுலயும் தொழுவத்துலயும் வண்டி நிறுத்தறவங்க வயரை எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. அண்ணன் பிள்ளையாரோட வாகனம் தம்பியோட அடியார் வாகனத்துல பசியாறியிருக்கும்!

*6. சார்ஜ் ஏறுதா?* மேல சொன்ன அஞ்சுலயும் கோளாறைக் கண்டுபிடிச்சு வண்டியைக் கிளப்பிட்டீங்க. அத்தோட விட்டுடாதீங்க. எஞ்சின் ஓடும்போது, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி வச்சு, பேட்டரியில மீட்டர் வையுங்க. 13.5ல இருந்து 14.5 வரைக்கும் இருக்கணும். 12லயே நின்னா எஞ்சின்ல இருந்து சார்ஜ் வரல. ஸ்டேட்டர் காயிலோ ரெக்டிஃபையரோ போயிருக்கு. 15க்கு மேல போனா பேட்டரியைக் கொதிக்க வச்சுக் கெடுத்துடும். இதைப் பார்க்காம ஆயிரக்கணக்குல கொடுத்துப் புது பேட்டரி மாட்டினா, சில நாள்ல அதுவும் படுத்துடும். அப்போ பேட்டரிக் கடைக்காரரை வைவோம்.

*கம்பி சுத்தாதீங்க!*

ஃபியூஸுக்கு வர்றேன். அதுல இருக்கிறது மெல்லிசா ஒரு இழை. எங்கேயோ வயர் உரசி, அளவுக்கு மேல கரண்ட் பாயும்போது அந்த இழை தன்னை எரிச்சுக்கிட்டு வண்டியைக் காப்பாத்தும். அது எரிஞ்சா வண்டி நமக்கு ஒரு சேதி சொல்லுது.

நாம என்ன செய்யறோம்? பத்து ரூபா ஃபியூஸ் கைவசம் இல்லைன்னு சிகரெட் பெட்டித் தாளைச் சுத்தறோம். செம்புக் கம்பியை முறுக்கி வைக்கிறோம். 10 ஆம்ப்ஸ் இருந்த இடத்துல 30 ஆம்ப்ஸ் சொருகுறோம். வண்டி ஓடும். ஆனா அடுத்த தடவை எரியறது ஃபியூஸ் இல்ல, வயர். வயருக்கு மேல இருக்கிறது பெட்ரோல் டேங்க். அதுக்கு மேல உக்காந்திருக்கிறது நாமளும் நம்ம பிள்ளைகளும். இதை விளையாட்டாச் சொல்லல.

அதே ஆம்ப்ஸ் ஃபியூஸ் போடுங்க. அதுவும் உடனே போச்சுன்னா மூணாவதைப் போடாதீங்க. எங்கே உரசுதுன்னு தேடுங்க. சீட்டுக்கு அடியில, ஹேண்டில் கழுத்துல, கூடுதலா மாட்டின கலர் லைட்டு, டபுள் ஹாரன், செல்போன் சார்ஜர் வயர்ல தேடுங்க. முன்னாடி மின்னுற வேல் லைட்டும் இதுல சேர்த்திதான். முருகன் பேர்ல மாட்டினாலும் வயரை ஒழுங்கா மாட்டணும்!

மனுஷனுக்கும் ஒரு ஃபியூஸ் உண்டு. வெட்கம், பயம், மனசாட்சின்னு அதுக்குப் பேரு. ஒரு தப்புக் காரியத்துல இறங்கும்போது உள்ளே ஏதோ 'டப்'னு அறுந்து நம்மை நிறுத்தும். அந்த இடத்துல "எல்லாரும் பண்றாங்க"ங்கற கம்பியைச் சுத்தி ஓட்டிடறோம். அன்னைக்கு ஓடும். என்னைக்கு எரியும்னு தெரியாது.

*தள்ளினா ஓடின காலம்*

பெரியவங்க சொல்வாங்க: "எங்க காலத்து வண்டிக்குப் பேட்டரியே வேண்டாம்." அது உண்மைதான். 1980ல ஓசூர்ல இருந்து வந்த டிவிஎஸ் 50 மாதிரி வண்டிகள்ல எஞ்சின் சுத்தும்போது அதுவே தனக்கு வேண்டிய தீப்பொறியை உண்டாக்கிக்கும். பெடலை மிதிச்சா போதும். புல்லுக்கட்டும் பால் கேனும் ஏத்திக்கிட்டு நம்ம கிராமத்து ரோடெல்லாம் ஓடினது அந்த வண்டிதான்.

2020 ஏப்ரல் 1ல இருந்து பிஎஸ் 6 விதி வந்தது. அதுக்கப்புறம் வந்த பெரும்பாலான மோட்டார் சைக்கிள்ல கார்புரேட்டர் போய் ஃபியூவல் இஞ்செக்‌ஷன் வந்துடுச்சு. பெட்ரோலை அனுப்புற பம்புக்கும் அதை நடத்துற சின்னக் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேணும். பேட்டரி சுத்தமாத் தீர்ந்தா நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் பெரும்பாலும் கிளம்பாது. பலத்தைக் காட்டுற காலம் போச்சுங்க. பார்க்கிற காலம் இது.

*வெளிச்சம் இல்லாம ரோட்டுல இறங்காதீங்க*

இந்தப் பதிவு எழுதினதுக்கு முக்கியக் காரணமே இதுதான். சில வண்டி எப்படியோ கிளம்பிடும். ஆனா லைட் எரியாது. "வீடு பக்கம்தானே, மெதுவாப் போயிடலாம்"னு இருட்டுலயே ஓட்டிடறோம்.

மார்கழி, தை மாசத்துல நம்ம ரோட்டை நினைச்சுப் பாருங்க. பச்சை வேட்டி, மஞ்சள் வேட்டி கட்டின அடியார்கள் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலயும் விடிகாலையிலயும்தான் நடப்பாங்க. கூட வயசான அம்மாமார், இடுப்புல குழந்தையோட பெண்கள். செருப்பு இல்லாத காலு. பனி வேற. எதிர்ல லைட் இல்லாத வண்டி வந்தா அவங்களுக்கும் தெரியாது, ஓட்டறவனுக்கும் தெரியாது. 2017 ஏப்ரல் 1ல இருந்து வர்ற புது டூவீலர்ல எஞ்சின் ஓடும்போது முன் லைட் தானாவே எரியணும்னு அரசாங்கம் விதி வச்சது, எதிர்ல இருக்கிறவங்க கண்ணுக்கு நம்ம வண்டி தெரியணும்னுதான். அந்த வயரைக் கழற்றி விடற புத்திசாலிகளும் இருக்காங்க.

லைட் இல்லைன்னா வண்டியை ஓரமா நிறுத்துங்க. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்க. ஒரு போன் பண்ணுங்க. விரதம் ஒரு நாள் தள்ளிப் போனா முருகன் கோவிச்சுக்க மாட்டார். நடந்து போற அடியார் காலுல வண்டி ஏறினா, அந்தக் கால் யாரைத் தேடிப் போன காலு?

*மனுஷனும் சில நேரம் இப்படி நின்னுடுவான்*

இப்போ வண்டியை விட்டுட்டு வீட்டுக்குள்ள வாங்க.

நல்லாப் படிச்சுக்கிட்டிருந்த பிள்ளை. ஒரு பரீட்சை போச்சு, இல்ல வேலை போச்சு. சுவரைப் பார்த்துப் படுத்துடுச்சு. கூப்பிட்டா பதில் இல்ல. சாவியைத் திருப்பினாலும் ஒரு லைட்டும் எரியாத நிலை. நாம என்ன செய்யறோம்? கிக்கரை மிதிக்கிற மாதிரி நாலு வசவு. தள்ளுற மாதிரி நாலு புத்திமதி. "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு." கடைசியில, "அவன் அவ்வளவுதான், தேறமாட்டான்"னு தீர்ப்பு.

அங்கேயும் கவசம் மாதிரி வரிசையாப் பாருங்க. பிள்ளை சாப்பிட்டு எத்தனை நேரம் ஆச்சு? ராத்திரி தூங்குதா? முன்னாடி பேசிக்கிட்டிருந்த சிநேகிதன்கிட்ட இப்போ பேசுதா, அந்த இணைப்பு எங்கே அறுந்தது? கடன், காதல், அவமானம்னு தாங்க முடியாத சுமை ஏதாவது ஒரே நாள்ல பாய்ஞ்சதா? மனசுல இருக்கிறதை இறக்கி வைக்க வீட்டுல ஒரு மடி இருக்கா? அந்தப் பிள்ளையைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி எத்தனை நாள் ஆச்சு?

பக்கத்துல உக்காந்து, கோபம் இல்லாம, ஒவ்வொண்ணாப் பாருங்க. நம்மால முடியலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மீட்டர் வச்சுப் பார்க்கத் தெரிஞ்சவங்ககிட்ட வண்டியைக் காட்ட வெட்கப்படறோமா? மனசுக்கு மட்டும் என்ன வெட்கம்? 14416ங்கற எண்ணுக்குப் போன் பண்ணினா மனநல ஆலோசனை இலவசமாக் கிடைக்கும். மத்திய அரசோட டெலி மானஸ் சேவை அது, தமிழ்லயே பேசலாம். திருநீறும் பூசுங்க, டாக்டரையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பகை இல்ல.

இடும்பன் கதையில உயிர் இல்லாமக் கிடந்தவனைப் பார்த்து ஊரு என்ன சொல்லியிருக்கும்? "அசுரன்தானே, தொலைஞ்சான்"னு சொல்லியிருக்கும். இடும்பி ஒருத்தி மட்டும் விடல. அவ அழுத அழுகையில முருகன் திரும்பிப் பார்த்தார். எழுந்தவன் பழையபடி நடமாடினதோட முடியல. பழனி மலைக்கே காவலன் ஆனான். காவடி தூக்குற ஒவ்வொரு அடியாருக்கும் முன்னோடி ஆனான்.

நம்ம வீட்டுல ஒருத்தர் அப்படிக் கிடந்தா, நாம தீர்ப்புச் சொல்ற ஊரா இருக்கப் போறோமா, இடும்பியா இருக்கப் போறோமா? இன்னைக்குச் சஷ்டி விளக்கு ஏத்தும்போது இந்த ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கோங்க.

*அவசரத்துக்கு, போன்ல சேமிச்சு வச்சுக்க:*

• முதல்ல கேள்வி: கடைசியா என்ன மாறுச்சு? தண்ணியா, புது லைட்டா, எலியா?
• கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு.
• பேட்டரி முனை: லூசு, பூஞ்சு. மைனஸ் முதல்ல கழற்று, பிளஸ் முதல்ல மாட்டு.
• பேட்டரி: 12.6 நல்லது, 12க்குக் கீழ காலி, 10.5 ஒரு செல் சந்தேகம்.
• ஃபியூஸ்: அதே ஆம்ப்ஸ் மட்டும். கம்பி கூடாது.
• எர்த் போல்ட், சாவி சுவிட்ச், ஹேண்டில் கழுத்து வயர்.
• ஓடும்போது 13.5 – 14.5.
• வண்டியில ஒரு உதிரி ஃபியூஸ், ஒரு சின்ன டார்ச்.
• லைட் இல்லைன்னா ராத்திரி ஓட்டாதே.

யாத்திரை போற அடியார்கள் எல்லாரும் பத்திரமாப் போய், கண்ணாரத் தரிசனம் பண்ணி, பத்திரமா வீடு திரும்ப எங்க சிவகிரி பாலசுப்பிரமணிய சுவாமியை வேண்டிக்கறேன். வண்டி வச்சிருக்கிற உங்க அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி எல்லாருக்கும் இதை அனுப்பி வையுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
இடும்பனுக்கு அரோகரா!